புது ஸ்கோப் வாங்கினீங்களா? ரைபிள்ல மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

ரெண்டு ஸ்கோப் (குறி பார்க்க ரைபிள் மேல மாட்டுற தொலைநோக்கி), ஏழு டப்பா பெல்லெட், கிட்டத்தட்ட நாலு மாசம். என் ஏர் ரைபிள் ஏன் ஒரே இடத்துல அடிக்க மாட்டேங்குதுன்னு கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு ஆச்சு. ரைபிள்ல ஸ்பிரிங் மாத்தினேன், பெல்லெட் மாத்தினேன், நான் பிடிக்கிற விதம்தான் சரியில்லையோன்னு அதையும் மாத்திப் பார்த்தேன், கடைசில பார்த்தா கோளாறு ஸ்கோப்புக்குள்ள இருந்த ஒரு சின்னத் தகடு ஸ்பிரிங்ல. டரட்டை, அதாவது குறியைச் சரி பண்ற குமிழியை, திருப்பினா டிக் டிக்னு சத்தம் அழகா வந்துச்சு, ஆனா உள்ள இருக்கிற குழாய் நகரவே இல்ல. அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ரிட்டன் தேதி முடிஞ்சு போச்சு.

இது பாயிண்ட் 177 (4.5 மிமீ) ஏர் ரைபிளுக்கு முதல் தடவையா ஸ்கோப் வாங்கப் போறவங்களுக்கு. நான் கோயம்புத்தூர், கையில இருக்கிறது உள்நாட்டுல செஞ்ச பிரேக் பேரல் (குழலை மடக்கி லோட் பண்ற) ஸ்பிரிங் ரைபிள், மாமனார் தோப்புல சுவர் ஓரமா 25 மீட்டர் அளந்து வச்சு சுடுறேன். நான் எந்த வரிசையில பண்ணியிருக்கணுமோ அந்த வரிசையிலயே சொல்றேன்.

1. ஸ்கோப் வேணுமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மாவட்ட, மாநிலப் போட்டிக்குப் போகணும், 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகணும்னு ஆசைன்னா ஸ்கோப் வாங்கவே வேணாம். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி அந்தப் போட்டியில டெலஸ்கோப் சைட் கிடையாது, பீப் சைட் எனப்படுற துளை சைட் மட்டும்தான். என் கூட பழகின ஒரு பையன் ஸ்கோப் மாட்டின ரைபிளோட கிளப்புக்குப் போய், கழட்டி வச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பெஞ்ச் ரெஸ்ட் (மேஜையில தாங்கி வச்சு சுடுறது), ஃபீல்ட் டார்கெட் (வெளியில வேற வேற தூரத்துல இருக்கிற குறிகளைச் சுடுறது), இல்ல சொந்த இடத்துல பேப்பர் டார்கெட்னா ஸ்கோப் சரி.

ரைபிளே இன்னும் வாங்கலைன்னா ஒரு விஷயம். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மிமீ குழல், 20 ஜூலுக்குள்ள சக்தி இருக்கிற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேணாம். இதுல ஏதாவது ஒண்ணு தாண்டினாலும் லைசென்ஸ் கேஸ். கடைக்காரர் என்கிட்ட ஆதார் நகல், முகவரிச் சான்று, போட்டோ வாங்கிக்கிட்டார், பில்லுல ரைபிளோட நம்பரும் இருக்கணும், அதைப் பத்திரமா வைங்க. காக்கா குருவி மேல வைக்கிற எண்ணம் இருந்தா இங்கேயே நிறுத்திக்கங்க, 1972 வனவிலங்குச் சட்டத்துல மாட்டுவீங்க, அதுக்கு நான் உதவி பண்ண மாட்டேன்.

2. டரட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

இதைப் புரிஞ்சுக்காம வாங்கினதுதான் நான் பண்ண பெரிய தப்பு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

வெளிக் குழாய்க்குள்ள இன்னொரு சின்னக் குழாய் இருக்கு, எரெக்டர் ட்யூப்னு சொல்வாங்க. கண்ணுப் பக்கத்து முனையில அது ஒரு மூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும், முன் முனை மேல கீழ, இடம் வலம் ஆடும். மேல இருந்து எலிவேஷன் (மேல கீழ) ஸ்க்ரூவும் பக்கத்துல இருந்து விண்டேஜ் (இடம் வலம்) ஸ்க்ரூவும் அதைத் தள்ளும், எதிர்மூலையில இருக்கிற ஸ்பிரிங் அந்தக் குழாயை ரெண்டு ஸ்க்ரூ மேலயும் அழுத்திப் பிடிக்கும். அவ்வளவுதான் மொத்த சமாச்சாரமும். கிளிக் சத்தம் எங்க இருந்து வருதுன்னா, குமிழிக்கு அடியில இருக்கிற பல் வளையத்துல ஒரு சின்னக் குண்டோ ஊசியோ விழுந்து எழுறதால. அதாவது சத்தம் சொல்றது குமிழி திரும்பிச்சுங்கிறதை மட்டும்தான். குழாய் நகர்ந்துச்சாங்கிறது ஸ்க்ரூ, ஸ்பிரிங், மூட்டு மூணும் எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்காங்கங்கிறதைப் பொறுத்தது.

வாரண்டி கிடைக்காதுன்னு ஆனதுக்கப்புறம் என் முதல் ஸ்கோப்பை எங்க ஊர் கணபதி ஏரியாவுல லேத் பட்டறை வச்சிருக்கிற அண்ணன்கிட்ட கொண்டு போய்ப் பிரிச்சோம். பல் வளையம் பிளாஸ்டிக், பல்லு ஓரத்துல வெள்ளையா தூள் கொட்டிக் கிடந்துச்சு. எரெக்டர் குழாயில ஸ்க்ரூ நுனி உட்கார்ற இடத்துல அலுமினியம் அமுங்கி கடுகு சைஸ்ல ஒரு குழி. தகடு ஸ்பிரிங்கை விரல்ல அழுத்தினா பாதிதான் திரும்பி வந்துச்சு. அண்ணன் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு சொன்னார், "தம்பி, சத்தம் வர்றது அங்க, வேலை நடக்கிறது இங்க. நடுவுல எத்தனை இடத்துல லூஸ் இருக்கு பாருங்க. ஒரு கிளிக்குக்கு இது நகர வேண்டியது பத்து மைக்ரான் சமாச்சாரம், இந்தக் குழிக்குள்ள ஸ்க்ரூ போய் உட்கார்ந்தா எப்படிங்க நகரும்?"

அப்புறம் இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்தார். லேத்துல கிராஸ் ஸ்லைடைத் திருப்புறப்ப எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து வந்துதான் அளவுல நிறுத்துவாங்களாம், இல்லைன்னா பேக்லாஷ் (திருகுல இருக்கிற லூஸ்) அளவைத் தின்னுடும். ஸ்கோப்புக்கும் இதேதான். பெரும்பாலான ஸ்கோப்ல மேல ஏத்தத் திருப்பினா ஸ்க்ரூ வெளிய வரும், அப்போ குழாயைத் தள்ள வேண்டியது ஸ்பிரிங்கோட பொறுப்பு. கீழ இறக்கத் திருப்பினா ஸ்க்ரூவே நேரா தள்ளும். அதனால மேல 10 கிளிக் வேணும்னா 14 ஏத்தி 4 இறக்குங்க. ஸ்க்ரூ தள்ளி நிறுத்தின இடம்தான் நம்பிக்கையான இடம்.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியது

ஸ்பிரிங் ரைபிள்னா "ஏர்கன் ரேட்டட்"னு கம்பெனியே சொல்லியிருக்கணும். பெரிய துப்பாக்கியோட உதை பின்னாடி மட்டும்தான் போகும், நம்ம ஸ்பிரிங் ரைபிள் முதல்ல பின்னாடி போய், பிஸ்டன் முட்டி நின்னதும் முன்னாடி ஒரு குலுக்குக் குலுக்கும். பின் உதைக்கு மட்டும் செஞ்ச ஸ்கோப்ல லென்ஸ் கழண்டு வர்றது, கிராஸ்ஹேர் (குறி பார்க்கிற குறுக்குக் கோடு) சாயுறது எல்லாம் இந்த முன் குலுக்கலாலதான். பெரிய ரைபிளுக்கே தாங்குது, ஏர் ரைபிளுக்குத் தாங்காதான்னு கடையில கேட்பாங்க, அதை நம்பி வாங்காதீங்க. பிசிபி (முன்னாடியே காத்தை அடைச்சு வைக்கிற) ரைபிள்ல இந்தக் குலுக்கல் இல்ல, அவங்களுக்குத் தேர்வு அதிகம்.

அடுத்தது பேரலாக்ஸ், அதாவது தலையை நகர்த்தினா கிராஸ்ஹேர் டார்கெட் மேல நகர்ற மாதிரி தெரியுறது. பெரிய ரைபிள் ஸ்கோப் பலதும் 100 கெஜத்துக்கு ஃபேக்டரியிலயே செட் பண்ணி வந்துடும், 10 மீட்டர்ல பார்த்தா மங்கலாத்தான் தெரியும். முன் லென்ஸ்ல ஏஓ (தூரத்துக்கு ஏத்த மாதிரி இதைச் சரி பண்ற) வளையமோ பக்கத்துல சைட் ஃபோகஸ் குமிழியோ இருக்கணும், அது 10 கெஜம் வரைக்கும் இறங்கணும்.

30 மிமீ குழாய்னா வெளிச்சம் அதிகம்னு சொல்லி விப்பாங்க. அது உண்மையில்ல, குழாய் தடிச்சா உள்ள எரெக்டர் நகர இடம் அதிகம், அட்ஜஸ்ட்மெண்ட் தூரம் கூடும், அதுக்குத்தான் பிரயோஜனம். அதே மாதிரி கம்மி விலையில 6-24×50 (6ல இருந்து 24 மடங்கு ஜூம், 50 மிமீ முன் லென்ஸ்) எடுக்காதீங்க. அந்தக் காசுக்கு அத்தனை லென்ஸும் ஜூம் பாகமும் போட்டா எங்கயாவது ஒரு இடத்துல குறைச்சுத்தான் ஆகணும், குறையுறது பெரும்பாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாத டரட்லதான். அதே காசுக்கு 3-9×40 எடுத்தீங்கன்னா உருப்படியா கிடைக்கும், 25 மீட்டருக்கு 9 தாராளம்.

எங்க செஞ்சதுங்கிறதையும் பாருங்க, ஆனா நாட்டுப் பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. லியூபோல்டு அமெரிக்காவுல பீவர்ட்டன்ல, ஸ்வரோவ்ஸ்கி ஆஸ்திரியாவுல அப்சாம்ல, ஷ்மிட் அண்ட் பெண்டர் ஜெர்மனியில பீபர்டால்ல சொந்தமா செய்றாங்க. மத்த பல பிராண்டுங்க ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் தொழிற்சாலைகள்ல ஆர்டர் கொடுத்து வாங்குறவங்கதான், ஜப்பான்ல லைட் ஆப்டிகல் ஒர்க்ஸ் அப்படி வேற பிராண்டுகளுக்காகச் செய்யுற கம்பெனி. ஒரே ஃபேக்டரியில ஆர்டர் கொடுக்கிறவங்க கேக்குற தரத்துக்கு ஏத்த மாதிரி வேற வேற சாமான் வரும். பித்தளை ஸ்க்ரூவா, மெட்டல் பல் வளையமா, செஞ்சதுல எத்தனையை எடுத்து டெஸ்ட் பண்ணி ஒதுக்குறாங்கங்கிறதுலதான் விலை வித்தியாசம். அதனால நல்ல பிராண்ட்லயும் ஒரு சொத்தை பீஸ் நம்ம கைக்கு வரலாம், சுமாரான பிராண்ட்லயும் ஒரு நல்ல பீஸ் வரலாம். உங்க கையில இருக்கிற பீஸை நீங்களே டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும்.

எனக்கு ஆன செலவு: முதல் ஸ்கோப் 4,800, தண்டம். ரெண்டாவது 17,500. ஒன் பீஸ் மவுண்ட் (ஸ்கோப்பை ரைபிளோட பிடிக்கிற தாங்கி) 2,100, டார்க் ஸ்க்ரூடிரைவர் (எவ்வளவு இறுக்கமா திருகுறோம்னு அளந்து காட்டுறது) 2,400, கிராஃப் ஷீட், மரக்கட்டை, சி கிளாம்ப் எல்லாம் சேர்த்து 600க்குள்ள. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களை சூட்கேஸ்ல எடுத்துட்டு வரச் சொல்லாதீங்க, அமெரிக்காவுல ரைபிள் ஸ்கோப்புக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கு, பிரச்சனைன்னு வந்தா அவங்கதான் பதில் சொல்லணும். இங்கயே பில்லோட வாங்குங்க.

4. பார்சல் வந்த அன்னைக்கே

பிரிக்கிறதை வீடியோ எடுங்க, நடுவுல நிறுத்தாம ஒரே வீடியோவா. ஸ்கோப் குழாய்ல இருக்கிற சீரியல் நம்பர், பெட்டியில இருக்கிற நம்பர், பில்லுல இருக்கிற நம்பர் மூணும் ஒண்ணான்னு பாருங்க. பில்லுல நம்பரே இல்லைன்னா அன்னைக்கே கடைக்கு மெயில் போட்டு நம்பரோட பில் கேளுங்க. எனக்கு வாரண்டி மறுத்தது ரெண்டு காரணத்துக்காக: பில்லுல சீரியல் நம்பர் இல்ல, குழாய்ல ரிங் (ஸ்கோப்பைச் சுத்திப் பிடிக்கிற மவுண்ட் வளையம்) தழும்பு இருக்கு. ரெண்டாவது காரணம்தான் முக்கியம். ரிங்ல ஒரு தடவை இறுக்கிட்டா தழும்பு விழ வாய்ப்பு இருக்கு, தழும்பு விழுந்தா "யூஸ் பண்ணிட்டீங்க"ன்னு சொல்லிடுவாங்க. ரிட்டன் பெரும்பாலும் 7 நாள்தான். அதனால ரிங்கைத் தொடாமலே அடுத்த டெஸ்ட்டை முடிச்சிடணும்.

5. ரிங் இல்லாம மேஜை மேல டெஸ்ட்

மொத்தம் ஒரு மணி நேர வேலை. காலையில ஏழு மணிக்கு ஆரம்பிங்க, வெயில் ஏறினா கானல் ஆடும், கோடு நிக்காது.

ஒரு கனமான மரக்கட்டையில வி மாதிரி ரெண்டு பள்ளம் வெட்டச் சொல்லுங்க, தச்சர் அஞ்சு நிமிஷத்துல பண்ணிடுவார். கட்டையை மேஜையோட சி கிளாம்ப் போட்டு இறுக்குங்க, பள்ளத்துல மெல்லிய துணி வச்சு ஸ்கோப்பைப் படுக்க வைங்க, பழைய சைக்கிள் ட்யூப்பை மேல இழுத்துக் கட்டுங்க. விரலால ஸ்கோப்பை லேசா அழுத்தி விடுங்க, கிராஸ்ஹேர் பழைய இடத்துக்கே வந்து நிக்கணும், அப்பதான் கட்டு சரி.

முன் லென்ஸ்ல இருந்து சரியா 25 மீட்டர் டேப் வச்சு அளங்க, காலடி கணக்கெல்லாம் வேணாம். அங்க ஒரு அட்டையில கறுப்பு மார்க்கர்ல ரெண்டு கோடு, நடுவுல 72.7 மிமீ இடைவெளி. ஏன் இந்த நம்பர்னா, 1 எம்ஓஏ (ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு கோணம்) 100 மீட்டர்ல 29.1 மிமீ, 25 மீட்டர்ல 7.27. கால் எம்ஓஏ கிளிக் 40 போட்டா 10 எம்ஓஏ, அதாவது 72.7 மிமீ. உங்க டரட் 0.1 மில் (இதுவும் ஒரு கோண அளவு) கிளிக்னா ஒரு கிளிக் 25 மீட்டர்ல 2.5 மிமீ, 40 கிளிக்குக்கு 100 மிமீ கோடு போட்டுக்கங்க.

கிராஸ்ஹேரை ஒரு கோட்டுல வைங்க, 40 கிளிக் எண்ணித் திருப்புங்க, அடுத்த கோட்டுல வந்து உட்காருதான்னு பாருங்க. ஒண்ணு ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்னா ஏர் ரைபிளுக்கு விட்டுடலாம். நடுவுல நிறுத்தி நிறுத்திப் பாருங்க, ஒவ்வொரு நாலு கிளிக்குக்கும் ஒரே அளவு நகரணும். என் முதல் ஸ்கோப்ல முதல் எட்டு கிளிக்குக்கு அசையவே இல்ல, ஒன்பதாவதுல ஒரே தாவா தாவுச்சு. அப்புறம் சதுரம் போடுங்க: மேல 40, வலது 40, கீழ 40, இடது 40. கிளம்பின இடத்துக்கே திரும்பி வரணும். மூணு தடவை பண்ணுங்க.

இப்போ முக்கியமான டெஸ்ட். 10 கிளிக் போட்டுட்டு டரட் தலையில விரலால ஒரு சுண்டு சுண்டுங்க. சுண்டினதும் கிராஸ்ஹேர் தாவி வேற இடத்துக்குப் போச்சுன்னா குழாய் உள்ள சிக்கிக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். அந்த வேலையை ரைபிள்ல மாட்டினப்புறம் ரைபிளோட குலுக்கல் பண்ணும், முதல் ரெண்டு ஷாட் ஒரு இடத்துல, மூணாவது வேற இடத்துல போகும், நீங்க பெல்லெட்டைத் திட்டிட்டு இருப்பீங்க.

அதே கட்டுலயே ஜூமை 3ல இருந்து 9க்குத் திருப்புங்க, ஃபோகஸையும் 10ல இருந்து 50க்குத் திருப்பிட்டு திரும்ப வாங்க, கிராஸ்ஹேர் கோட்டை விட்டு நகரக் கூடாது. கடைசியா தலையை லேசா மேல கீழ ஆட்டிப் பாருங்க, ஃபோகஸ் சரியா இருக்கிறப்ப கிராஸ்ஹேர் கோடு மேல ஒட்டின மாதிரி நிக்கணும்.

இதுல ஏதாவது ஒண்ணுல தோத்தா போன்ல வீடியோ எடுத்து அன்னைக்கே ரிட்டன் போடுங்க. கண்ணு வைக்கிற இடத்துல போன் கேமராவை வச்சா நல்லாவே பதியும். நான் ரெண்டாவதா வாங்கினதுலயும் முதல்ல வந்த பீஸ் ஜூம் திருப்பினா 6 மிமீ நகர்ந்துச்சு, வீடியோ அனுப்பினேன், கேள்வி கேக்காம 19 நாள்ல வேற பீஸ் வந்துச்சு. கூரியர் 240 ரூபா மட்டும் நம்ம செலவு.

6. நடுவுக்குக் கொண்டு வாங்க

டெஸ்ட்ல பாஸ் ஆன ஸ்கோப்போட டரட்டை ஒரு முனை வரைக்கும் மெதுவா கொண்டு போங்க, முட்டினா நிறுத்திடணும், திருகக் கூடாது. அங்க இருந்து அடுத்த முனை வரைக்கும் கிளிக் எண்ணுங்க, பாதி திரும்பி வாங்க. ரெண்டு டரட்டுக்கும். இது ஏன்னா, ஸ்பிரிங் நல்ல பிடியோட இருக்கிறது நடுப் பகுதியிலதான்.

7. மவுண்ட்

நம்ம ஏர் ரைபிள்ல பெரும்பாலும் 11 மிமீ டவ்டெயில் (மவுண்ட் பிடிக்க ரைபிள் மேல வெட்டியிருக்கிற பள்ளம்). பிக்காட்டினிங்கிற வேற வகைப் பட்டைக்கான மவுண்ட் அதுல உட்காராது, ஆர்டர் பண்றப்ப பார்த்துக்கங்க. ஸ்பிரிங் ரைபிளுக்கு ஒன் பீஸ் மவுண்ட், அடியில ஸ்டாப் பின் இருக்கிறதா எடுங்க, அந்தப் பின் ரைபிள் மேல இருக்கிற துளையில இறங்கணும். ஸ்டாப் பின் இல்லாம எவ்வளவு இறுக்கினாலும் சுடச் சுட பின்னாடி ஊர்ந்து வரலாம்.

ஸ்கோப்பை வச்சு 9 ஜூம்ல முழு வட்டமும் தெரியுற தூரத்துக்கு முன்ன பின்ன நகர்த்துங்க. எதிர்ல ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்க விட்டு, கிராஸ்ஹேரோட நேர்க்கோடு அந்த நூலோட ஒண்ணா நிக்கிற மாதிரி ஸ்கோப்பைத் திருப்புங்க, ரைபிள் சாயாம இருக்கணும். ரிங் ஸ்க்ரூவை குறுக்கும் மறுக்குமா கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு பக்க இடைவெளியும் சமமா, மவுண்ட்காரங்க சொன்ன அளவுக்கு மட்டும். என்னுது 2 நியூட்டன் மீட்டர். எல் கீல கை வலிக்க இறுக்கினா குழாய் அமுங்கி உள்ள எரெக்டரைப் பிடிச்சுக்கும், நல்ல ஸ்கோப்பும் கெட்ட ஸ்கோப் மாதிரி நடந்துக்கும்.

8. ஜீரோ பண்றது (குறி வச்ச இடத்துலயே பெல்லெட் விழுற மாதிரி சரி பண்றது)

புது ஸ்பிரிங் ரைபிள்னா முதல் இருநூறு முந்நூறு ஷாட் உள்ள இருக்கிற எண்ணெய் எரிஞ்சு வேகம் ஏறி இறங்கும், அது அடங்கினப்புறம் ஆரம்பிங்க. டார்கெட்டுக்குப் பின்னாடி இரும்புத் தகடு வச்சு பழைய துணி அடைச்ச பெட்டி கட்டாயம், கண்ணாடி போட்டுக்கங்க.

10 மீட்டர்ல ஆரம்பிங்க. அஞ்சு ஷாட் சுட்டு, அந்தக் கூட்டத்தோட நடுவை வச்சுத்தான் கணக்கு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் டரட்டைத் தொடாதீங்க. டரட் மேல இருக்கிற அம்புக்குறி பெல்லெட் போற திசை, கிராஸ்ஹேர் போற திசை இல்ல. இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க: கால் எம்ஓஏ கிளிக் 10 மீட்டர்ல வெறும் 0.73 மிமீ. 3 செமீ கீழ அடிச்சா 41 கிளிக் வேணும், நாலு கிளிக் போட்டுட்டு ஸ்கோப் வேலை செய்யலைன்னு சொல்லக் கூடாது. ரெட்டிக்கிள் (கிராஸ்ஹேர்ல இருக்கிற அளவுக் கோடுகள்) மில், டரட் எம்ஓஏன்னு கலந்து வர்ற ஸ்கோப்பும் இருக்கு, அதுல 1 மில்லுக்கு கிட்டத்தட்ட 14 கிளிக்.

அடுத்து 25 மீட்டர். பிரேக் பேரல் ரைபிள் பலதுல பேரல் ஸ்கோப் லைனை விட லேசா கீழ பார்த்துட்டு இருக்கும். என்னுது டரட் நடுவுல இருந்தப்ப 22 செமீ கீழ அடிச்சது, கணக்குப் போட்டா 121 கிளிக், அதாவது மேல் முனைக்குப் பக்கத்துல. அந்த இடத்துல ஸ்க்ரூ முழுசா வெளிய வந்திருக்கும், ஸ்பிரிங் நீண்டு தளர்ந்து போயிருக்கும், குலுங்குறப்ப குழாய் மிதக்கும். என் முதல் ஸ்கோப் கெட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்னு இப்போ நினைக்கிறேன். இப்படி இருந்தா டரட்ல சரி பண்ணாதீங்க, மவுண்ட்ல சரி பண்ணுங்க. கொஞ்சம்தான்னா பின் ரிங்குல குழாய்க்கு அடியில 0.3 மிமீ ஷிம் (மெல்லிய துண்டு), ரிங் இடைவெளி 100 மிமீன்னா அது 10 எம்ஓஏ கொடுக்கும், விசிட்டிங் கார்டு துண்டு அந்த அளவுக்கு வரும். அதுக்கு மேல ஷிம் வச்சா குழாய் வளையும், பின் பக்கம் உயரமா சாய்வோட வர்ற ட்ரூப் மவுண்ட் வாங்கிடுங்க. நான் அதைத்தான் வாங்கினேன், இப்போ என் எலிவேஷன் நடுவுல இருந்து 20 கிளிக்குள்ள நிக்குது.

ஒவ்வொரு தடவை மாத்தினதும் மூணு ஷாட் சும்மா சுட்டு செட்டில் பண்ணுங்க, அப்புறம் அஞ்சு ஷாட் கூட்டம். ஜீரோ ஆனதும் கீழ் முனையில இருந்து எத்தனையாவது கிளிக்னு எண்ணி, தூரம், பெல்லெட் பேர், தேதி எல்லாம் மாஸ்கிங் டேப்புல எழுதி ஸ்கோப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் பில்லோட சேர்த்து ஒட்டிடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணுல இருந்து 40 மேல போய் 40 திரும்ப வந்து அஞ்சு ஷாட் போடுங்க, பழைய இடத்துல விழலைன்னா ரைபிளைப் பிரிக்காதீங்க, முதல்ல மவுண்ட் ஸ்க்ரூ, ஸ்டாப் பின் பாருங்க, அது சரின்னா ஸ்கோப்பைக் கழட்டி திரும்ப அந்த மரக்கட்டையில வைங்க.